வக்கீல் வைத்தால் விசா சீக்கிரம் வருமா?

அமெரிக்காவில் ஒருவரும் ஊரில் ஒருவருமாகப் பிரிந்திருந்து, குடும்ப விசாவுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

இந்த மடலைக் கணவன் மனைவிகளுக்கு மட்டும் எழுதவில்லை. மருமகள் எப்போது கிளம்புவாள் என்று வாரம் ஒருமுறை விசாரிக்கும் மாமியாரும், "என் பேருக்கும் ஒரு மனு போட்டு வையேன்" என்று சொல்லும் தம்பியும் இதில் சேர்த்தி. குடும்ப விசா இரண்டு பேர் விவகாரமாகத் தொடங்கினாலும், ஆறே மாதத்தில் இரண்டு வீட்டு விவகாரமாகிவிடுகிறது. ஆளுக்கொரு தகவல் சொல்கிறார்கள். கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: வக்கீல் வைத்தால் சீக்கிரம் வருமா?

வராது. வரிசையின் நீளத்தைக் குறைக்க எந்த வக்கீலாலும் முடியாது. ஆனால் நீங்கள் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்படாமல் அவரால் பார்த்துக்கொள்ள முடியும். நீங்கள் நிற்பதே தப்பான வரிசை என்றால் அதையும் எடுத்துச் சொல்ல முடியும். இந்த இரண்டுக்கும் தாராளமாகக் காசு கொடுக்கலாம். மற்றதற்கெல்லாம் கொடுப்பது மனநிம்மதிக்குக் கொடுக்கும் காசு. அதையும் குறை சொல்ல மாட்டேன். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

நான் வக்கீல் இல்லை. அமெரிக்காவில் ஒருவருடைய குடியேற்ற வழக்குக்கு யோசனை சொல்ல, ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக இருக்க வேண்டும். ஆகவே இங்கே நான் எழுதுவது எல்லாருக்கும் பொதுவான நடைமுறை மட்டுமே. உங்கள் கோப்பில் என்ன இருக்கிறதோ, அது உங்களுக்கும் நீங்கள் அமர்த்துகிறவருக்கும் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். காத்திருப்பு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு சங்கதிகள். ஒன்று சட்டம் வைத்த வரிசை. இன்னொன்று அலுவலகத்தில் தேங்கும் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மனக்கசப்பும், ஏமாற்றுக்காரர்களின் முக்கால்வாசி வருமானமும்.

சட்டத்தின் வரிசை இப்படி: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், அதாவது நம் பேச்சில் சிட்டிசன், தன் கணவனையோ மனைவியையோ, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளையையோ, பெற்றோரையோ அழைத்துக்கொள்ள மனுப் போட்டால் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. பெற்றோருக்கு மனுப் போடும் மகனோ மகளோ 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவர்களுக்குச் சட்டத்தின் வரிசையே இல்லை. அலுவலக வேலை முடிகிற நேரம்தான் கணக்கு.

கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் மனைவிக்கோ கணவனுக்கோ மனுப் போட்டால் கதை வேறு. அந்த மனு எஃப்2ஏ என்ற பிரிவுக்குப் போகிறது. அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. சிட்டிசனின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கான எஃப்4 பிரிவில் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 இடங்கள். இதற்கு மேல், எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், 2025இல் இந்தியாவில் எஃப்4 விசாவுக்கு அழைக்கப்பட்டவர்கள் 2006இலோ அதற்கு முன்போ மனுப் போடப்பட்டவர்கள். மனுப் போட்டபோது கைக்குழந்தையாக இருந்த அண்ணன் மகன் இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பான். இந்த வரிசையை நகர்த்தித் தருவதாக யாராவது சொன்னால், அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அதை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸால்தான் முடியும். இன்றைய வரம்புகள் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைத்தவை.

இந்த வரிசை எங்கே நிற்கிறது என்பதை வெளியுறவுத் துறை மாதாமாதம் 'விசா புல்லட்டின்' என்ற அறிக்கையில் வெளியிடுகிறது. உங்கள் மனு பதிவான நாள்தான் உங்கள் 'பிரயாரிட்டி டேட்'. புல்லட்டினில் உங்கள் பிரிவுக்குப் போட்டிருக்கும் தேதி அதைத் தாண்டினால் உங்கள் முறை. தேதி எப்போதும் முன்னால்தான் போகும் என்று நினைக்க வேண்டாம். எஃப்2ஏ 2019 ஜூலையிலிருந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தடையின்றித் திறந்திருந்தது. 2023 ஏப்ரல் புல்லட்டினில் திடீரென்று 2020 செப்டம்பருக்குப் பின்வாங்கியது. அடுத்த மாதம் வந்துவிடும் என்று பெட்டி கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் அன்று என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. பலர் தங்கள் வக்கீலைத் திட்டினார்கள். பாவம், அவர் என்ன செய்வார்.

அடுத்தது அலுவலகத்தின் காத்திருப்பு. இதில் மூன்று இடங்கள். குடியேற்றத் துறை, ஐ-130 என்ற குடும்ப மனுவைப் பரிசீலித்து ஒப்புதல் தரும். அங்கிருந்து கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். கட்டணம், டிஎஸ்-260 விண்ணப்பம், சான்றிதழ்கள் எல்லாம் அங்கே. அவர்கள் எல்லாம் சரி என்று சொன்ன பிறகுதான் நேர்காணலுக்குத் தேதி. இந்தியர்களின் குடும்பக் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது. அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தூதரகம் இருக்கிறதே என்று சென்னைக்காரர்கள் ஆதங்கப்படுவதுண்டு. ஆனால் வழக்கு எண் 'பிஎம்பி' என்று தொடங்கினால் பம்பாய்தான். நாகர்கோவிலில் இருந்தாலும் பாந்திரா குர்லா வளாகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

குடியேற்றத் துறை தன் தளத்தில் ஒவ்வொரு மனுவுக்கும் இத்தனை மாதம் என்று ஒரு எண் போட்டிருக்கும். நம் ஆட்கள் அதைச் சராசரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சராசரி இல்லை. கடந்த ஆறு மாதத்தில் முடித்த மனுக்களில் 80 சதவீதம் எத்தனை மாதத்துக்குள் முடிந்தன என்பதுதான் அந்த எண். ஐந்தில் ஒருவருக்கு அதைவிடவும் கூடுதலாக ஆனது என்று அதற்குள்ளேயே பொருள் இருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டிய மறுநாளே, கோப்பு எங்கோ தொலைந்துவிட்டது என்று பதறி வக்கீலைத் தேடி ஓட வேண்டியதில்லை.

தேசிய விசா மையத்தில் ஏற்படும் தாமதம் மட்டும் பெரும்பாலும் நம் வீட்டில் உண்டாவது. மனம் நோகச் சொல்லவில்லை. நம் ஊர் ஆவணங்களின் சுபாவம் அப்படி. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. பள்ளிச் சான்றிதழில் எஸ்.முருகன், பாஸ்போர்ட்டில் முருகன் சண்முகம், கல்யாணப் பத்திரிகையில் ச.முருகன், அமெரிக்க ஆவணத்தில் முதற்பெயர் இல்லை என்பதைக் குறிக்கும் 'எஃப்என்யூ' வேறு. நால்வரும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும்; போர்ட்ஸ்மத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பிள்ளையின் பெயரே இருக்காது, ஆண் குழந்தை அல்லது பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும். நகராட்சியில் பெயரைப் பதிந்து புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். வளைகுடாவில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழும் கேட்பார்கள். திருமணத்துக்கோ, கோயிலில் தந்த ரசீதும் மண்டபத்து வீடியோவும் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். 90 நாளுக்குள் செய்தால் தொல்லை குறைவு. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்குச் சிலர் பயம் காட்டுவார்கள். பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் அது சட்டப்படி செல்லும், நடந்த இடத்தில் செல்லுபடியாகும் திருமணத்தைப் பொதுவாக அமெரிக்காவும் ஏற்கும். பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், அவ்வளவே.

இந்த வேலைகளுக்கு வக்கீல் தேவையா? நேரான வழக்கு என்றால் தேவையில்லை. இருவருக்கும் முதல் திருமணம், பொய் இல்லை, போலீஸ் கேஸ் இல்லை, முன்பு விசா மறுப்பு இல்லை, வருமானம் போதும். இப்படிப்பட்டவர்கள் படிவத்தைத் தாங்களே நிரப்பலாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்து, பொறுமையும் இருந்தால் போதும். 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி ஐ-130 இணையத்தில் 625 டாலர், தாளில் 675. விசா மையத்தில் விண்ணப்பத்துக்கு 325, ஸ்பான்சர் ஆவணப் பரிசீலனைக்கு 120. விசா கைக்கு வந்தபின் கிரீன் கார்டு அச்சிட 235. அரசுக்குப் போவது ஆளுக்கு 1,300 டாலர் சொச்சம். மருத்துவப் பரிசோதனையும் மும்பைப் பயணமும் தனி. வக்கீல் வைத்தால் இதற்கு மேல் அவர் கட்டணம். வக்கீல் போட்ட மனு வேகமாகப் போகும் தனிப் பாதை என்று ஒன்று அந்த அலுவலகத்தில் இல்லை. நேர்காணல் அறைக்குள்ளும் பொதுவாக அவரால் உங்களோடு வர முடியாது. கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று, உங்கள் கணவர் என்ன வேலை பார்க்கிறார், எப்படிப் பெண் பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அப்படியானால் எங்கேதான் வக்கீல் வேண்டும்? இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசைப்பட்டேன். நம் ஆட்கள் பணத்தைச் செலவழிப்பது படிவம் நிரப்பும் இடத்தில். கோட்டை விடுவது அதற்கு முந்தைய இடத்தில்.

முதலாவது, தாலி கட்டும் தேதி. வேலை வழியாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நம்மில் ஏராளம். எச்-1பி விசாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய பிறகு ஒருநாள் கிரீன் கார்டு வந்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் ஜாதகம் எடுப்பார்கள். இங்கேதான் சிக்கல். கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே திருமணம் நடந்திருந்தால், மனைவி அதே மனுவின் நிழலில் பின்தொடர்ந்து வரலாம். தனி ஐ-130 வேண்டாம். அந்தப் பிரிவின் தேதி பின்வாங்கியிருந்தால் காத்திருக்க வேண்டும் என்றாலும், கணவனின் பழைய தேதியே அவளுக்கும் செல்லும். கிரீன் கார்டு வந்த மறுவாரம் திருமணம் என்றால், அந்தப் பெண் எஃப்2ஏ வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். எச்-1பிக்காரரின் மனைவிக்கான எச்-4 விசாவில் அழைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. கணவன்தான் இப்போது எச்-1பியில் இல்லையே. முகூர்த்த நாள் ஒரு மாதம் தள்ளிப் போனதால் தம்பதிகள் வருடக்கணக்கில் பிரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜோசியரைப் பார்க்கப் போகும் அதே வாரம் வக்கீலிடம் அரைமணி நேரம் பேசியிருந்தால் போதும். வருத்தம் என்னவென்றால், அந்த அரைமணி நேரத்துக்குத்தான் யாரும் காசு செலவழிப்பதில்லை.

இரண்டாவது, குடியுரிமை பெறும் நேரம். கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு ஆனவர் சிட்டிசனாகலாம். ஆனதும் மனைவியின் மனு எஃப்2ஏ வரிசையை விட்டு வரம்பற்ற பிரிவுக்கு ஏறிவிடும். சான்றிதழ் நகலை விசா மையத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நல்ல செய்தி. ஆனால் அதற்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. எஃப்2ஏ மனுவில் அம்மாவோடு பிள்ளையும் ஒட்டிக்கொண்டு வரலாம். சிட்டிசனின் மனைவி என்ற பிரிவில் அந்த ஒட்டு செல்லாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஐ-130 வேண்டும். இது தெரியாமல் போனால், மும்பையில் அம்மாவுக்கு விசா கிடைக்கும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. சிட்டிசன் ஆகப்போகும் ஒவ்வொரு அப்பாவும், உறுதிமொழி எடுக்கும் விழாவுக்குச் சட்டை எடுப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயது நிறைந்துவிடுவது. இதற்குக் காங்கிரஸ் 2002இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டது. சிட்டிசனின் பிள்ளைக்கு 21 முடிவதற்குள் ஐ-130 போட்டுவிட்டால், அன்றைய வயதே நிலைக்கும். வரம்புள்ள பிரிவுகளில் கணக்கு வேறு: விசா கிடைக்கும் நிலை வந்த நாளில் பிள்ளையின் வயது என்னவோ, அதிலிருந்து மனு அலுவலகத்தில் கிடந்த காலத்தைக் கழிக்கலாம். கழித்து வந்த எண் 21க்குக் கீழே இருந்தால் பிள்ளை. இல்லையென்றால் பெரியவர், வேறு வரிசை. அப்படிப் பிழைத்தாலும், விசா கிடைக்கும் நிலை வந்த ஒரு வருடத்துக்குள் அதைப் பெறும் முயற்சியில் இறங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இதற்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு எப்போதாவது விசா காலம் முடிந்தும் அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுப் போயிருந்தால் மூன்று ஆண்டுத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து ஆண்டுத் தடை. பழைய விண்ணப்பத்தில் பொய் சொல்லியிருந்தால் அது வாழ்நாள் முழுக்கத் துரத்தும். முதல் திருமண விவாகரத்து முறையாக முடியவில்லை, குடும்பச் சண்டையில் மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார் கிடக்கிறது, இவற்றில் எது இருந்தாலும் படிவத்தைத் தொடும் முன் வக்கீல். இணைய வழித் திருமணம் செய்தவர்களுக்கும் அப்படியே. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் அமெரிக்காவில் இருந்த மணமகனோடு காணொளி வழியாகத் திருமணம் நடத்த அனுமதித்தது. இந்தியச் சட்டத்துக்கு அது போதும். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், அதன் பிறகு இருவரும் சேர்ந்து இல்லறம் நடத்தியிருந்தால்தான் கணக்கில் எடுக்கும்.

வருமானச் சங்கதியும் உண்டு. ஐ-864 என்ற உறுதிப் பத்திரத்தில் ஸ்பான்சர் கையெழுத்துப் போட வேண்டும். 2025 கணக்கில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 26,437 டாலர் காட்ட வேண்டியிருந்தது. காட்ட முடியாதவர்களுக்காக நண்பரோ உறவினரோ கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். "சும்மா ஒரு கையெழுத்துதானே மச்சான்" என்று கேட்பவர்களும் போடுபவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: வந்தவர் சிட்டிசனாகும் வரையோ, ஏறத்தாழப் பத்து ஆண்டு உழைப்பு அவர் கணக்கில் சேரும் வரையோ அந்தப் பொறுப்பு நிற்கும். விவாகரத்து ஆனாலும் போகாது. கையெழுத்துக் கேட்டு வரும் மச்சானுக்குக் காபி கொடுங்கள், பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.

இனி, உண்மையிலேயே கோப்பு அசையாமல் கிடந்தால் என்ன செய்வது? தளத்தில் சொன்ன காலம் தாண்டியிருந்தால் குடியேற்றத் துறையிடமே விசாரணை போடலாம். அடுத்த படி, பலருக்குத் தெரியாதது: அமெரிக்காவில் இருப்பவர் தன் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தை அணுகலாம். ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் அங்குள்ள ஊழியர் உங்கள் சார்பில் கோப்பின் நிலையைக் கேட்டு எழுதுவார். செலவு ஒரு காசு கிடையாது. நம் ஊர் எம்.எல்.ஏ. சிபாரிசு போல வேலையை முடித்துக் கொடுக்க மாட்டார்கள். கோப்பு எங்கே சிக்கியிருக்கிறது என்ற பதிலாவது வரும். கடும் நோய் போன்ற அவசரம் இருந்தால் ஆதாரத்தோடு விரைவுபடுத்தக் கேட்கலாம். மனைவியைப் பிரிந்திருப்பது மட்டும் அவசரமாகாது. கேட்க வலிக்கும், ஆனால் அந்த வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் அதே குறைதான்.

இதற்கெல்லாம் பிறகு வருவது நீதிமன்றம். கூட்டாட்சி நீதிமன்றத்தில் 'மாண்டமஸ்' வழக்குப் போட்டு, நியாயமற்ற தாமதம் என்று முறையிடலாம். அரசு பதில் சொல்ல 60 நாள் அவகாசம். பல சமயம் அதற்குள் கோப்பு அசைந்துவிடுவதும் உண்டு. இதற்கு வக்கீல் கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் இரண்டு விஷயம். வரிசைத் தேதி வராதவர்களுக்கு இது பயன்படாது. நீதிமன்றமும், முடிவெடு என்றுதான் சொல்லும். விசா கொடு என்று சொல்லாது. முடிவு மறுப்பாகவும் இருக்கலாம்.

மறுப்பு வந்துவிட்டால் நீதிமன்றக் கதவு எவ்வளவு குறுகலானது என்பதற்கு 2024 ஜூன் மாதத் தீர்ப்பைப் பாருங்கள். சாண்ட்ரா முன்யோஸ் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த அமெரிக்கக் குடிமகள். எல் சால்வடார் நாட்டவரான கணவருக்கு அங்குள்ள தூதரகம் விசா மறுத்தது. அவர் உடம்பில் இருந்த பச்சைக்குத்துகளை வைத்துக் குற்றக் கும்பல் தொடர்பைச் சந்தேகித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டவரான கணவனோ மனைவியோ நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பதில் ஒரு குடிமகளுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பானது. அந்தச் சாண்ட்ரா முன்யோஸ் தாமே வழக்கறிஞர். அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், நேர்காணலுக்குப் பிறகு வக்கீலைத் தேடுவதைவிட மனுவுக்கு முன் தேடுவது மேல். நேர்காணல் முடிந்து 221ஜி என்ற தாள் கையில் கொடுத்தால் மட்டும் உடனே கலங்க வேண்டாம். சில சமயம் ஒரு சான்றிதழ் குறைகிறது என்பதற்கும் அதே தாள்தான் தருவார்கள். என்ன கேட்டிருக்கிறார்களோ அதைக் கொடுங்கள்.

ஊரில் இருக்கும் வீட்டாருக்கு ஒன்று. 'விசா கன்சல்டன்சி' என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர் எல்லாரும் அமெரிக்க வக்கீல் அல்ல. உரிமம் பெற்றவரா என்று அந்தந்த மாநில வழக்கறிஞர் மன்றத்தின் தளத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம். குடியேற்றம் கூட்டாட்சிச் சட்டம் என்பதால் எந்த மாநில வக்கீலும் உங்கள் வழக்கை எடுக்கலாம், பக்கத்து ஊர்க்காரராக இருக்கத் தேவையில்லை. உண்மையான வக்கீல் உங்கள் சார்பில் ஆஜராவதாக ஜி-28 படிவம் தாக்கல் செய்வார். வேறொருவர் நிரப்பிக் கொடுத்தால் ஐ-130இல் அவரும் கையெழுத்திட இடம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அங்கே கையெழுத்துப் போட மறுப்பவர், நாளை பிரச்சினை வந்தால் உங்கள் ஃபோனையும் எடுக்க மாட்டார். ஆறு மாதத்தில் கியாரண்டி என்பவரிடம் போகாதீர்கள். கணக்கின் கடவுச்சொல்லை அவரே வைத்துக்கொண்டு, ரசீது நகல்கூடத் தராதவரிடமும் போகாதீர்கள். தேசிய விசா மையம் கோப்பைத் தொடரச் சொல்லி அனுப்பும் கடிதத்துக்கு ஒரு வருடம் பதில் இல்லாவிட்டால் பதிவே ரத்தாகலாம். அந்தக் கடிதம் ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் தூங்கினால் இழப்பு உங்களுக்கு.

காத்திருக்கும் பெண்களிடம் நேராகவே சொல்கிறேன். நிச்சயம் முடிந்த கையோடு, எப்படியும் அமெரிக்கா போகப்போகிறாய் என்று வேலையை விடச் சொல்வார்கள். விடாதீர்கள். விசா கைக்கு வரும்வரை வேலையை விடாதே, சொத்தை விற்காதே, திருப்ப முடியாத டிக்கெட் வாங்காதே என்று வெளியுறவுத் துறையே எழுதி வைத்திருக்கிறது. மாமனார் கேட்டால் அதைக் காட்டுங்கள். எஃப்2ஏ காத்திருப்பு ஆண்டுக்கணக்கு. அந்த ஆண்டுகளில் சம்பளம் இருப்பவரின் காத்திருப்பும், இல்லாதவரின் காத்திருப்பும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கிரீன் கார்டோடு இருக்கும் கணவர்கள், பிரிந்திருக்க மனமில்லாமல் ஊரில் ஒரு வருடம் தங்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். மறுநுழைவு அனுமதி வாங்காமல் அப்படித் தங்கினால் உங்கள் கிரீன் கார்டே ஆட்டம் காணும். அது போனால் மனுவும் போச்சு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இருபது வயது நடக்கிறதா? கிரீன் கார்டு முடிவாகும் தறுவாயில் யாருக்காவது பெண் பார்க்கிறீர்களா? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? அப்படியானால் வக்கீல் தேவையில்லை என்று மற்றவர்களுக்குச் சொன்னது உங்களுக்கு இல்லை. பிறந்த தேதி, மனுப் பதிவான தேதி, ஒப்புதல் தேதி, திருமணத் தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இந்த வாரமே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் நேரம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே புல்லட்டின் பார்த்துப் பழகிய ஒருவன்